செத்த மாட்டைத் தூக்க மறுப்பது குற்றமா?

வாடிப்பட்டி வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. அவருடையது அருந்ததியர் குடும்பம். அவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார்; தந்தையார் ஊரில் இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, கிடைக்கிற கூலி வேலைக்கும் போய்வருகிறார். ஊரில் எவர் வீட்டு மாடு செத்தாலும் அதைக் கண்மாய்ப் பக்கம் இழுத்துப்போய்ப் புதைப்பது மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்த வேலை. சென்ற மாதம் ஒரு பெரிய வீட்டில் சினைப்பசு செத்தபோது ஆள் வந்திருக்கிறது. 'இனிமேல் இந்த வேலைக்கு நான் வருவதாக இல்லை' என்று தந்தையார் சொல்லிவிட்டார். 2,000 ரூபாய் தருகிறோம் என்றபோதும் அதே பதில்தான். 'வராவிட்டால் ஊருக்குள் உனக்கு எதுவும் கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து பால் சங்கத்தில் அவருடைய பாலை எடுப்பதில்லை, டீக்கடையில் டீ இல்லை என்கிறார்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் அவருடைய தெருவிலிருந்து எவரையும் கூப்பிடுவதில்லை. நியாயம் கேட்கப் போனவரிடம், 'மாட்டுக்கறி தின்கிறவனுக்குக் கோமாதாவின் அருமை எங்கே தெரியும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊர் வழக்கத்தை மீறியது சட்டப்படி தவறா, புகார் கொடுத்தால் வழக்கு நிற்குமா, அந்தக் கோமாதாப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று வாசகர் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்: உங்கள் தந்தையார் எந்தத் தவறும் செய்யவில்லை. மறுப்பதற்கு அவர் காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் 'ஊர் வழக்கம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னோமே, இது எப்படிக் கட்டாய உழைப்பாகும் என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் நடந்த சுரண்டல் குறித்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கூலி கொடுத்தாலும், விருப்பமில்லாதவரை வற்புறுத்தி வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்புதான்.

இரண்டாவது கேள்வியில்தான் நிதானம் வேண்டும். நம் பக்கத்தில் தீண்டாமை தொடர்பான எல்லா வழக்கையும் 'பி.சி.ஆர். கேஸ்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இங்கே இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் புகார் இரண்டையும் தொட வேண்டும். ஒன்று, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்; இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் பி.சி.ஆர். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் பிறந்து, 1976இல் திருத்தமும் புதுப்பெயரும் பெற்ற சட்டம் இது. அந்தத் திருத்தத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு, துப்புரவு செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலை உரிக்கவோ, தொப்புள்கொடியை அகற்றவோ தீண்டாமையின் பேரில் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று அந்த வேலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை 3 மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும் அபராதமும். மற்றொன்று, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரை மனிதச் சடலத்தையோ விலங்கின் சடலத்தையோ அப்புறப்படுத்தவும் சுமக்கவும் கட்டாயப்படுத்துவது 3(1)(ஐ) உட்பிரிவில் குற்றமாக இருக்கிறது. இதற்குத் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

காவல் நிலையத்தில் உங்களிடம் கேட்கப்படப் போகும் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல புகார்கள் அந்த ஒரு கேள்வியில்தான் மடங்கிப்போகின்றன. 'உன் அப்பா மாட்டைத் தூக்கவே இல்லையே, அப்புறம் எங்கே கட்டாயப்படுத்தினார்கள்?' என்பார்கள். கேட்கும்போது நியாயம் போலத் தோன்றும். ஆனால் 7ஏ பிரிவின் விளக்கத்தில், கட்டாயப்படுத்துவது என்பதில் சமூகப் புறக்கணிப்பு செய்வோம், பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வோம் என்று மிரட்டுவதும் அடங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 'வராவிட்டால் ஊருக்குள் எதுவும் கிடையாது' என்று சொன்ன அந்த நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது. அதன்பின் உங்கள் தந்தையார் பணிந்தாரா, பணியவில்லையா என்பது பொருட்டல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் புறக்கணிப்பு தனிக் குற்றம்: 3(1)(இசட்.சி.) உட்பிரிவு, புறக்கணிப்பை நடத்துவதையும் நடத்துவதாக மிரட்டுவதையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆகவே, உங்கள் புகாரின் முதுகெலும்பு செத்த மாடு அன்று. அதன்பின் வந்த புறக்கணிப்புதான். மாட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டுப் பால் சங்கத்தைக் கடைசி வரியில் சொல்கிற புகார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

பால் சங்கத்தில் பாலை எடுக்காததுதான் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சான்று. டீ இல்லை என்று சொன்னதை 'அன்றைக்குப் பால் தீர்ந்துவிட்டது' என்று மழுப்பிவிடலாம். நடவுக்குக் கூப்பிடாததை 'ஆள் தேவைப்படவில்லை' என்று சொல்லிவிடலாம். பால் அட்டை அப்படியல்ல. தேதி, காலை, மாலை, எத்தனை லிட்டர், என்ன சத்து, என்ன விலை என்று வரிவரியாக எழுதியிருக்கும் அட்டை ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுபோயிருக்கும். மாடு செத்தது எந்தத் தேதி, அட்டை நின்றது எந்தத் தேதி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழக்கறிஞரே தேவையில்லை. வழக்கமான வணிக முறையில் ஒருவரோடு செய்துவந்த கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது பொருளாதாரப் புறக்கணிப்பு என்று சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்லும் விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 'தரம் சரியில்லை' என்று சங்கத்தில் காரணம் சொன்னால், அந்த நாளின் சோதனை அளவை எழுத்தில் கேளுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: இத்தனை நாளும் உங்கள் வீட்டுப் பால் ஊராரின் பாலோடு ஒரே கேனில்தான் ஊற்றப்பட்டது. அதில் அன்று தீட்டு இல்லை, மாடு செத்த மூன்றாம் நாள் மட்டும் எங்கிருந்து வந்தது என்று விசாரணை அதிகாரி முன் தந்தையார் ஒருமுறை கேட்டால் போதும்.

யார் எங்கே வைத்து என்ன சொன்னார்கள் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதற்கு வழக்கு வேண்டுமென்றால், அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் எவர் கண்ணிலும் படாமல் நடந்திருந்தால் அந்த உட்பிரிவு நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கட்டாயப்படுத்தியதற்கும் புறக்கணிப்புக்கும் இந்த நிபந்தனை கிடையாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் தனியாகச் சொல்லியிருந்தாலும் குற்றம் குற்றந்தான். 'இவர் என்ன சாதி என்றே எங்களுக்குத் தெரியாது' என்ற வாதமும் செல்லாது. உங்கள் குடும்பத்தை நேரில் அறிந்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், சாதி தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிப்பது அவருடைய பொறுப்பு. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுக்கு ஆள் அனுப்பிய ஊர், தெரியாது என்று எப்படிச் சொல்லும்?

இதே நிலையில் இருக்கும் வேறு வாசகர்களுக்காக ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லாததால் 1989ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது. கட்டாயப்படுத்துகிறவரே பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும் அச்சட்டம் பொருந்தாது. நம் மாவட்டத்தில் இரண்டும் நடக்கின்றன, இரண்டாவதைப் பற்றிப் பேசத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை. இந்த இரு நிலையிலும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவு துணை நிற்கும், ஏனென்றால் கட்டாயப்படுத்தப்படுபவரை அது 'எவரையும்' என்றுதான் குறிப்பிடுகிறது.

புகாரை எழுதி இரண்டு படிகள் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். அந்த ரசீது மனு வந்து சேர்ந்ததற்கு மட்டுமே சான்று. முதல் தகவல் அறிக்கை அல்ல. 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதைக் குரலை உயர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். போதாவிட்டால் புகாரைப் பதிவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள்; திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். வழக்குப் பதிவானபின் விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான நிலையிலேயே அரசின் தீருதவித் தொகையில் முதல் தவணைக்கு உங்கள் தந்தையார் உரியவராகிறார், ஆதலால் ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் படியைக் கொடுத்துவையுங்கள். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச உதவி கிடைக்கும்.

இதற்கிடையில் வட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார். கட்டாயம் போங்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு போங்கள், தனியாகப் போகாதீர்கள், 'இரு தரப்பும் சுமுகமாக இருப்போம்' என்று மட்டும் எழுதிய தாளில் தந்தையாரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். பால் எந்த நாளிலிருந்து எடுக்கப்படும், இனி எவர் வீட்டு மாடு செத்தாலும் அந்தத் தெருவுக்கு ஆள் வரக் கூடாது என்ற இரண்டும் எழுத்தில் இருந்தால் மட்டுமே அது பேச்சுவார்த்தை.

அந்தக் கூட்டத்தில் 'அப்படியானால் செத்த மாட்டை யார்தான் எடுப்பது' என்ற கேள்வி வரும். அதற்கு விடை சொல்வது உங்கள் வேலை இல்லை என்றாலும், விடை எளிது என்பதால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் பலன் யாருக்கோ, அதன் சடலத்தின் பொறுப்பும் அவருக்கே; பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தால் ஊராட்சியின் பொறுப்பு. காப்பீடு செய்த மாடு என்றால் காது வில்லையோடு கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை அதை அசைக்கவே கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கக்கூடும். அந்தச் சடலத்தை அறுப்பதும் தோலுரிப்பதும் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலத்தில் அதை வெறுங்கையால் இழுத்தவர்களில் எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. மற்றபடி கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் ஆறடிக் குழி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு, அவ்வளவுதான். வாடகைக்கு வரும் ஜே.சி.பி. அரை மணி நேரத்தில் குழியும் எடுத்து மாட்டையும் இறக்கிவிடும். அப்படியிருந்தும் ஒரு தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்றால், அவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டு கைகள் அல்ல என்பதே என் முடிவு.

இனி மூன்றாவது கேள்வி. கோமாதாப் பேச்சுக்குப் புகாரில் பதில் எழுதாதீர்கள். பசு புனிதமா என்ற விவாதத்துக்குள் உங்களை இழுத்துவிட்டால், பால் அட்டையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் தந்தையார் மனம் வாடியிருக்கிறார் என்று எழுதியிருப்பதால், அவருக்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

நம் வழக்கத்தில் உயிருள்ள பசுவின் சாணமும் கோமியமும் தீட்டைப் போக்கும். புதுமனை புகுவிழாவில் பசுவைத்தான் முதலில் உள்ளே அழைக்கிறோம். அதே பசு செத்துவிட்டால் தீட்டு. தகப்பன் செத்த வீட்டில்கூடப் பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்துவிடுகிறது. செத்த பசுவை எடுத்தவனுக்கு மட்டும் தீட்டு அவன் பேரன் வரைக்கும் கழிவதில்லை. பசுவின் புனிதம் முழுவதும் ஒரு தரப்புக்கும், அதன் சாவு முழுவதும் இன்னொரு தரப்புக்கும் என்று பிரித்துக்கொண்ட பங்கீடு இது. பசுவின் மீதான பக்திதான் காரணம் என்றால், செத்த தாயைத் தூக்க ஊரே தோள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கத் தெரியாதவர்களும் அல்லர். பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில் காளை இறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை நானே நின்று பார்த்தேன்: காளையைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, புது வேட்டி போர்த்தி, கொம்பு மறையும் அளவுக்கு மாலை போட்டு, பெண்கள் சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். டிராக்டரில் ஏற்ற முப்பது பேர் முண்டியடித்தார்கள். அவர்களில் ஒருவரும் வீட்டுக்குப் போய்த் தீட்டுக் குளியல் குளித்ததாகத் தெரியவில்லை. அதுவும் செத்த மாடுதான். (அங்கே பறையடிக்க எந்தத் தெருவுக்கு ஆள் போனது என்பது வேறு கதை.)

மாட்டுக்கறி தின்றதால்தான் தீண்டாமை என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் நேரெதிரான ஒரு கோணத்தைத் தந்தார். முன்பு பலரும் மாட்டிறைச்சி உண்டார்கள். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பிராமணர்கள் அதைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கினார்கள். வறுமையால் செத்த மாட்டின் இறைச்சியை விட முடியாதவர்கள் மேல் தீண்டாமை விழுந்தது என்பது அவர் வாதம். அதன் வரலாற்றுப் பகுதிகளை ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் மாட்டிறைச்சி உண்பது ஒரு காலத்தில் இழிவாக இருக்கவில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அகநானூற்றின் 129ஆம் பாட்டில் கொழுத்த ஆவைத் தின்ற மழவர்கள் வருகிறார்கள், அவர்களைப் புலவர் அருவருப்போடு பார்க்கவில்லை. ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும் வீரமாக இருந்த நாடு இது. ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களுள் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்தவனுக்கு நட்டது.

செத்த மாட்டை எடுப்பதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டுவிடுங்கள் என்று 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் நடந்த மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் சொன்னார். உங்கள் தந்தையார் இப்போது செய்திருப்பது அதைத்தான், மகாட் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும். எடுத்துக்கொண்டே இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று அவருக்கு ஒரு சபலம் தோன்றினால், 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் நடந்ததைச் சொல்லுங்கள். செத்த பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைப் பசுவைக் கொன்றதாகச் சொல்லிக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கிருந்த தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் இறக்கிவிட்டு, இனி எடுக்க மாட்டோம் என்றார்கள். எடுத்தாலும் அடி, மறுத்தாலும் அடி என்றால், மறுப்பவர் பக்கமாவது சட்டம் இருக்கிறது.

கறியைப் பற்றிய சட்ட நிலையை ஒரு வரியில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மாடு அறுப்பதற்குத்தான் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பசுவதையைத் தடுத்த 1976ஆம் ஆண்டு அரசாணையிலும் கட்டுப்பாடுகள் உண்டு. மாட்டிறைச்சி உண்பது குற்றமில்லை. அதைக் காரணம் காட்டிக் கோயிலுக்குள் விட மறுத்தால் அது தனியாக ஒரு தீண்டாமைக் குற்றம். 1939 ஜூலை 8இல் நடந்த ஆலயப் பிரவேசத்தில், காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கனும் மற்றவர்களும் நுழைந்தபோது, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று வாசலில் எவரும் கேட்கவில்லை.

இன்று மாலையே செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பால் அட்டையைத் தந்தையாரிடமிருந்து வாங்கி, எல்லாப் பக்கங்களையும் படியெடுத்துவிட்டு, அசலை ஊரில் வைக்காமல் உங்களோடு கொண்டுவந்துவிடுங்கள். ஆள் வந்த நாள், வந்தவர் பெயர், சொன்ன சொல், அப்போது அங்கிருந்தவர்கள் என அவர் நினைவில் இருப்பதை அவர் சொல்லச்சொல்ல அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தமிழில் திருத்தாதீர்கள். தொலைபேசியில் மிரட்டல் வந்திருந்தால் அந்தப் பதிவை மற்றவர்களுக்கு அனுப்பினாலும், பதிவான கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். நாளைக் காலையும் அவர் பாலைக் கறந்து, வழக்கமான நேரத்துக்குச் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூட இன்னொருவர் போக வேண்டும். எடுக்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பாலோடு திரும்பிவிடச் சொல்லுங்கள்.